கிரெப், ரிப்கிரெப், கிட் கிரெப்: எது எதைத் தேடாம விடுதுன்னு பாத்துட்டு எடுங்க

போன வருஷம் ரிப்போல (கிட்ல கோடு வச்சிருக்கற எடம்) கெடந்த ஒரு பழைய ஷெல் ஸ்கிரிப்டை அழிச்சேன். அழிக்கறதுக்கு முன்னாடி அதோட பேரை ரிப்கிரெப்ல, அதாவது ஃபைல்களுக்குள்ள ஒரு சொல் எங்க வருதுன்னு தேடுற டூல்ல, போட்டுத் தேடுனேன், ஒரு எடத்துலயும் வரல, சரி யாரும் யூஸ் பண்ணலன்னு முடிவு பண்ணி புஷ் பண்ணிட்டேன், அடுத்த பில்டே ஃபெயில். அந்த ஸ்கிரிப்டைக் கூப்பிட்டது கிட்ஹப் வொர்க்ஃப்ளோ ஃபைல், பில்டைத் தானா ஓட்டுற கட்டளையெல்லாம் அதுலதான் இருக்கும். அந்த ஃபோல்டர் பேரு புள்ளில ஆரம்பிக்கும், புள்ளில ஆரம்பிக்கிறது எதுக்குள்ளயும் ரிப்கிரெப் தானா போகாது. அதோட மேனுவல்லயே இது தெளிவா இருக்கு, நான்தான் படிக்கல. அதுலேர்ந்து எந்தத் தேடுற டூலைப் பாத்தாலும் எவ்ளோ வேகம்னு கேக்குறதுக்கு முன்னாடி இது எதைச் சொல்லாம விட்டுடுதுன்னு பாக்க ஆரம்பிச்சுட்டேன். கீழ இருக்கற ஒப்பீடு அந்தக் கண்ணோடதான்.

மொதல்ல கிரெப். 1973ல கென் தாம்சன் யூனிக்ஸுக்காகப் பண்ணது, பேரே ஈடி எடிட்டர்ல அடிக்கிற ஒரு கட்டளைதான், ஃபைல் முழுக்க இந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துக்கள் எப்படி வரணும்னு சொல்ற பேட்டர்ன்) வர்ற வரியெல்லாம் பிரிண்ட் பண்ணுன்னு அர்த்தம். இதோட பெரிய பலம் எங்க போனாலும் இருக்கும், பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளை ஒரே ப்ரோகிராம்ல அடக்குனது) மட்டும் வச்சிருக்கற குட்டி கன்டெய்னர்ல கூட இருக்கும். மைனஸ் ஆர் போட்டா எதையும் ஒளிக்காது, டாட் கிட் ஃபோல்டர், நோட் மாட்யூல்ஸ், பில்ட் ஆன ஃபைல் எல்லாத்துக்குள்ளயும் போகும். அதுவே தலைவலியும்தான், மினிஃபை பண்ண, அதாவது எடைவெளியெல்லாம் எடுத்துச் சுருக்குன, ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் ஒண்ணுல மாட்டுச்சுன்னா ஒரே வரி டெர்மினல் முழுக்க ஓடும், நீங்க தேடுனது எங்கயோ மேல போயிடும். எக்ஸ்க்ளூட் டிர், இன்க்ளூட் ரெண்டு ஆப்ஷனையும் பழகிட்டா இது பாதி தீரும்.

கிரெப் மெதுவா ஓடும்னு சொல்றவங்க நெறைய பேர் தேவையில்லாத ஃபோல்டர்ல தேடவிட்டுட்டுச் சொல்றாங்க. லினக்ஸ்ல பொதுவா வர்ற குனு கிரெப் உண்மையிலயே வேகமானது, ஏன்னு அதை எழுதுன மைக் ஹேர்ட்டலே 2010ல ஒரு மெயில்ல விளக்கியிருக்கார்: எல்லா பைட்டையும் பாக்கறதில்ல, பாக்குற பைட்டுக்கும் ரொம்ப கம்மியாதான் வேலை செய்யுது. போயர் மூர் முறைல தேடுற சொல்லோட கடைசி எழுத்தை மொதல்ல பாக்கும், அந்த எடத்துல இருக்கற எழுத்து சொல்லுல எங்கயுமே இல்லன்னா சொல்லோட நீளத்துக்கு அப்படியே தாவிடும், அதனால நீளமான சொல்லா குடுத்தா இன்னும் சீக்கிரம் முடியும். ஆனா மேக்ல வர்றது குனு கிரெப் கெடையாது, பிஎஸ்டி கிரெப், அதுல பெரிய பி ஆப்ஷனோட பெர்ல் பேட்டர்ன் ஓடாது. லினக்ஸ்ல எழுதுன ஸ்கிரிப்ட் அங்க போய் விழறதுக்கு இது ஒரு காரணம்.

நடுவுல ரெண்டு பேர் வந்தாங்க. பெர்ல்ல ஆண்டி லெஸ்டர் எழுதுன ஆக், அப்புறம் சில்வர் சர்ச்சர்னு சொல்ற ஏஜி, வெள்ளியோட வேதியியல் குறியீடு அதான் அந்தப் பேரு. கோடுக்குன்னே தனியா ஒரு தேடுற டூல் வேணும்ங்கற எண்ணத்தைக் கொண்டுவந்த மரியாதை ஆக்குக்குச் சேரும், கிட் இக்னோர் ஃபைலை (கிட் கண்டுக்க வேண்டாத ஃபைல்களோட பட்டியல்) படிச்சுட்டு தேடுற பழக்கத்தைப் பரப்புனது ஏஜி. ஆனா ஏஜில புது வெளியீடு வந்தே ரொம்ப வருஷம் ஆச்சு. புதுசா ஆரம்பிக்கிறவங்க இந்த ரெண்டையும் தேடிப் போக வேண்டாம்னுதான் சொல்வேன்.

ரிப்கிரெப்புக்கு வருவோம், 2016ல ஆண்ட்ரூ காலண்ட் ரஸ்ட்ல எழுதி வெளியிட்டது, விஎஸ் கோட்ல நீங்க எல்லா ஃபைல்லயும் தேடுறப்ப பின்னாடி ஓடுறது இதுதான். வேகத்துக்கு மூணு காரணம் இருக்கு. கோர் எத்தனை இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி ஃபைல்களைப் பிரிச்சுத் தேடும். பேட்டர்ன்ல கண்டிப்பா வந்தாகணும்ங்கற துண்டை உருவி எடுத்து, சிபியுவோட சிம்டி கட்டளையால ஒரே தட்டுல 16, 32 பைட்டுன்னு அலசும். மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது, அதோட ரெகுலர் எக்ஸ்பிரஷன் எஞ்சின் பேக்ட்ராக் பண்ணாது, அதாவது பொருந்தலன்னா திரும்பிப் போய் வேற வழில முயற்சி பண்ணாது, எவ்ளோ கோணலா பேட்டர்ன் குடுத்தாலும் ஃபைல் அளவுக்கு ஏத்தாப்லதான் நேரம் ஏறும். 2019 ஜூலை 2 அன்னைக்கு பல வெப்சைட்டுக்கு முன்னாடி நிக்கிற கிளவுட்ஃப்ளேர் விழுந்தது பேக்ட்ராக் பண்ற எஞ்சின்ல மாட்டுன ஒரே ஒரு பேட்டர்னால, அதனால இதைச் சின்ன விஷயமா எடுத்துக்காதீங்க. முன்பின் பாக்குற பேட்டர்ன், பேக்ரெஃபரன்ஸ் (முன்னாடி பொருந்துனதே திரும்ப வரணும்னு கேக்கறது) வேணும்னா பெரிய பி போடணும், அப்ப மட்டும் இந்த உத்தரவாதம் போயிடும்.

இது விடுறது என்னன்னா, கிட் இக்னோர்ல இருக்கறது, புள்ளில ஆரம்பிக்கிறது, பைனரி, இந்த மூணும். சின்ன யு ஒண்ணு போட்டா இக்னோரை மதிக்காது, ரெண்டு போட்டா புள்ளி ஃபைலும் வரும், மூணு போட்டா பைனரியும் சேரும். எதையாவது அழிக்கப்போறேன், இல்ல ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் பேரை மாத்தப்போறேன்னா ரிப்கிரெப்ல ரெண்டு யு போடாம நான் இப்ப தேடுறதே இல்ல. இன்னொண்ணு, பல த்ரெட்ல ஓடுறதால ரிசல்ட் வர்ற வரிசை ஒவ்வொரு தடவையும் மாறலாம், சார்ட் போட்டா வரிசை நிக்கும் ஆனா ஒரே த்ரெட்தான் ஓடும்.

கிட் கிரெப்பை நெறைய பேர் கண்டுக்கறதே இல்ல, எனக்கு அது வருத்தம். எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், கிட்ல ட்ராக் ஆன ஃபைல் எதுவோ அதைத் தேடும், புள்ளில ஆரம்பிச்சாலும் சரி. என்னோட அந்த வொர்க்ஃப்ளோ ஃபைல் இதுல மொத தடவையே வந்திருக்கும். பழைய டேக், கமிட் பேரைக் கடைசில குடுத்தா செக்அவுட் பண்ணாமயே அன்னைக்கு இருந்த கோடுல தேடலாம், கிரெப்பும் ரிப்கிரெப்பும் இதைச் செய்யாது. சின்ன பி போட்டா அந்த வரி எந்த ஃபங்ஷனுக்குள்ள இருக்குன்னும் காட்டும். விடுறது: இன்னும் ஆட் பண்ணாத புது ஃபைல். அதுக்கு அன்ட்ராக்ட்னு ஒரு ஆப்ஷன் தனியா போடணும்.

ஆக எனக்கு இப்படிப் பிரிஞ்சிருக்கு: ஸ்கிரிப்ட்லயும் சர்வர்லயும் கிரெப், ரிப்போக்குள்ள ஒண்ணை நீக்குறதுக்கு முன்னாடி கிட் கிரெப், நாள் முழுக்க கோடு படிக்கறப்ப ரிப்கிரெப்.

தமிழ் ஃபைல்ல தேடுறவங்களுக்கு மட்டும் ரெண்டு விஷயம். "பல"ன்னு தேடுனா பல், பலா, பலி எல்லாம் வரும், ஏன்னா புள்ளியும் கொம்பும் காலும் கம்ப்யூட்டருக்குத் தனித்தனி எழுத்து. ரிப்கிரெப் அந்தக் குறிகளையும் சொல்லோட பகுதியா எண்ணும், அதனால முழுச் சொல்லா மட்டும் தேடுற சின்ன டபிள்யூ ஆப்ஷன் போட்டா "பல" மட்டும் வரும். ரெண்டாவது இதைவிட மோசம், "கொ"வை க கூட ஒரே ஒகரக் குறியாவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாவும் எழுதலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், பைட் வேற, இங்க சொன்ன எந்த டூலும் ரெண்டையும் ஒண்ணா பாக்காது. பழைய ஃபான்ட்லேர்ந்து மாத்துன ஃபைல்னா தேடுறதுக்கு முன்னாடி ஐசியுங்கற யூனிகோட் லைப்ரரியோட யூகான்வ் கட்டளைல என்எஃப்சிக்கு (இந்தக் குறிகளை ஒண்ணா சேத்து எழுதுற வடிவம்) மாத்திடுங்க, இல்லன்னா "கொடி" ஃபைல்ல இருந்தும் இல்லன்னு வரும்.