குதிகால் தரையிலா, பெடல் மேலா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் விமான சிமுலேட்டரில், வேலூர்க் கோட்டை அகழிக்கு மேலே 30 அடி உயரத்தில் ஹெலிகாப்டரை அசையாமல் நிறுத்த எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கை சீக்கிரம் பழகிவிட்டது, மூக்கைத் திருப்பும் பெடல்களை மிதிக்கிற கால்தான் பேச்சைக் கேட்கவில்லை. ஜலகண்டேஸ்வரர் கோபுரத்தைப் பார்க்க வேண்டிய மூக்கு பழைய பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பெடல்தான் மட்டம் என்று முதலில் திட்டினேன். பிரச்சினை நான் பாதத்தை வைத்த இடத்தில் இருந்தது.

பாதம் வைப்பதில் இரண்டு கட்சி உண்டு. முழுப் பாதத்தையும் பெடலில் ஏற்றி, அதன் அடிவிளிம்பில் குதிகாலை அண்டக் கொடுப்பது ஒன்று. இதில் அசைவு தொடையிலிருந்து வரும். குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தால் மட்டும் தள்ளுவது இன்னொன்று. கார் ஆக்சிலரேட்டரை மிதிக்கிற மாதிரி கணுக்கால்தான் இங்கே வேலை செய்யும்.

விமானத்தில் எதை வைத்துக்கொண்டாலும் பெரிய நஷ்டமில்லை. வானத்தில் ஏறிய பிறகு காலுக்கு அவ்வளவு வேலை கிடையாது. ஹெலிகாப்டரில் அப்படி இல்லை. பெடல் மாற்றுவது வால் விசிறி இறக்கைகளின் கோணத்தை. இடது கையில் கலெக்டிவை, அதாவது ஹெலிகாப்டரை மேலே தூக்கும் நெம்புகோலை, ஏற்றினால் போதும், மேல் விசிறியின் எதிர்முறுக்கு கூடி உடம்பு திரும்பப் பார்க்கும். அதைக் கால் உடனே ஈடுகட்ட வேண்டும். பெல், ராபின்சன் போன்ற அமெரிக்க ஹெலிகாப்டர்களில் மேல் விசிறி, மேலிருந்து பார்த்தால், இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் கலெக்டிவ் ஏறும்போது இடது பெடல். நம் சேத்தக் பிரெஞ்சு அலுவெட் 3-இன் இந்தியத் தயாரிப்பு. அது வலஞ்சுழி, எனவே வலது பெடல். 1992-இல் தொடங்கிய அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில்தான் கடற்படை ஹெலிகாப்டர் பைலட்டுகள் பயிற்சி பெறுகிறார்கள். அந்தப் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம் என் வலது கால் தானாக அசைகிறது.

ஹோவரில், அதாவது அந்தரத்தில் அசையாமல் நிற்கும்போது, தேவைப்படும் அசைவு சில மில்லிமீட்டர்தான். அதற்குத் தொடையைக் கூப்பிடுவது, ஊசியில் நூல் கோக்கக் கடப்பாறையைக் கேட்பது போல. காலின் முழு எடையையும் தூக்கிக்கொண்டு அவ்வளவு சின்ன அசைவு வராது, கொஞ்சம் கூடிவிடும், பிறகு எதிர்ப்பக்கம் கூடும். குதிகாலைத் தரையில் ஊன்றினால் அந்த எடையைத் தரை வாங்கிக்கொள்கிறது. ராபின்சன் ஆர்-22 மாதிரி சின்ன ஹெலிகாப்டர்களில் நிஜ பைலட்டுகளின் வழக்கமும் இதுதான். என் ஓட்டும் இதற்கே.

ஆனால் ஒரு நிபந்தனை: பெடலின் ஸ்பிரிங். நிஜ ஹெலிகாப்டர் பெடல் பெரும்பாலும் தானாக நடுவுக்குத் திரும்பாது, விட்ட இடத்தில் நிற்கும். நாம் வாங்கும் மலிவுப் பெடல்களோ விமானத்துக்காகச் செய்தவை, ஸ்பிரிங் ஓயாமல் நடுவுக்கு இழுக்கும். அமெரிக்க ஹெலிகாப்டரில் ஹோவரில் இடது பெடலை முன்னால் தள்ளியபடியே இருக்க வேண்டும் என்பதால், குதிகாலை ஊன்றியவருக்குப் பத்தே நிமிடத்தில் கெண்டைக்கால் கடுக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றவோ தளர்த்தவோ முடியாத பெடலாக இருந்தால் முழுப் பாதமே மேல், தொடை தாங்கும். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். பெடல் தொளதொளவென்று ஆடினால் இரண்டு காலையும் ஒன்றுக்கொன்று எதிராக லேசாக அழுத்தி வைத்தால் அடங்கும்.

அப்புறம், டோ பிரேக்: பெடலின் மேல்பகுதியை விரலால் அழுத்திப் பிடிக்கும் சக்கர பிரேக். சறுக்குக்கட்டை வைத்த ஹெலிகாப்டருக்குச் சக்கர பிரேக் கிடையாது. சக்கரமுள்ள ரஷ்ய எம்ஐ-8-க்கும் பிரேக் சைக்ளிக்கில், அதாவது வலது கையில் பிடிக்கும் குச்சியில், ஒரு நெம்புகோல்தான். அப்பாச்சி மாதிரி சக்கரமுள்ள வேறு சிலவற்றுக்குக் காலில் பிரேக் உண்டு. ஆனாலும் நம் விமானப் பெடலில் அந்த மேல்பகுதியை அழுத்தினால் அது முன்னால் நகர்வதற்குப் பதில் சாய்ந்துவிடும், பாதி அசைவு வீண். பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டைப் பெடலின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். எம்ஐ-8-இல் இன்னொரு வேடிக்கை. கால் பெடலை மிதித்தால், அதிலிருக்கும் சின்ன ஸ்விட்ச் ஆட்டோபைலட்டின் திசைப் பிடிப்பை விலக்கிவிடும். அங்கே காலை எடுப்பதும் வைப்பதுமே ஒரு கட்டளை.

முழுப் பாதம் ஜெயிக்கிற இன்னொரு இடம், நீளமாக ஓடும் பெடல். நின்ற இடத்திலேயே வேகமாகச் சுழல வேண்டுமென்றால் கணுக்கால் எட்டாது, குதிகாலையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பெடல் உயரமாக இருந்து குதிகால் தரையைத் தொடவில்லையா? பழைய சாப்பாட்டு மணையைப் போடுங்கள், எனக்கு அதுதான் உதவியது. சக்கர நாற்காலி ஒவ்வொரு மிதிக்கும் பின்னால் ஓடும். பிளாஸ்டிக் நாற்காலி நகராது. பெடலுக்கு அடியில் ஒரு ரப்பர் மேட்.

கடைசியாக, வெறுங்காலா, ஷூவா? தடித்த அடிப்பாகமுள்ள ஷூவில் பெடல் நகர்வதே தெரியாது. வெறுங்காலில் நன்றாகத் தெரியும், ஆனால் வேலூர் மே மாதத்தில் வியர்த்த குதிகால் டைல்ஸில் ஒட்டி, விடுபடும்போது வெடுக்கென்று போகும். சிறந்தது மெல்லிய தோல் ஷூ. பக்கத்து ஆம்பூரில் ஒன்று வாங்கியும் வந்தேன். "வீட்டுக்குள்ள செருப்புக் காலா?" என்று அம்மா கேட்டதோடு அது வாசலிலேயே நிற்கிறது. இப்போதைக்குப் பருத்திக் காலுறை.