டர்பனில் புதுப் படகு வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

38,700 ரேண்ட். பழைய படகுக்கு ஆன மராமத்துச் செலவு இல்லை இது. இருக்கையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வந்த புத்தம் புதுப் படகைக் கடலில் இறக்குகிற நிலைக்குக் கொண்டுவர எங்கள் கையை விட்டுப் போன காசு. நேற்று சாயங்காலம்தான் பட்டறைக்காரருக்குக் கடைசித் தவணையைக் கட்டினோம். வயிறு எரிகிறது. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரை எழுத மாட்டேன். புகார் போயிருக்கிறது, பெயரைப் போடாதே என்று வக்கீல் சொல்லிவிட்டார். படகு, எஞ்சின், டிரெய்லர் மூன்றையும் சேர்த்து விற்கிற பெரிய ஷோரூம், அவ்வளவுதான்.

நான் தூத்துக்குடிக்காரன். இங்கே கப்பல் பழுது பார்க்கிற பட்டறையில் வேலை. கூட்டாளிகள் இரண்டு பேரும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ் ஆட்கள். மூத்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் தாத்தா டர்பன் வளைகுடாவில் கரைவலை இழுத்தவர். 1860க்குப் பிறகு கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் மீன்பிடிக்கப் போன குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு படகு என்பது எத்தனை வருஷக் கனவு என்று எனக்குத் தெரியும். கோபத்தில் பாதி அதற்காகத்தான்.

மூன்று பேரும் பங்கு போட்டு வாங்கியது ஐந்தரை மீட்டர் ஃபைபர் படகு. அடிப்பாகம் இரட்டை, பின்னால் இரண்டு எஞ்சின். இங்கே ஸ்கி போட் என்பார்கள். இந்தக் கரையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பல இடங்களில் மணலிலிருந்தே படகைத் தள்ளி, உடைகிற அலைக்கு நேராக ஓட்டி வெளியே போகவேண்டும். அலை உச்சியைத் தாண்டும்போது படகு அந்தரத்தில் எழும்பித் தண்ணீரில் அறையும். ஒரு எஞ்சின் நின்றால் இன்னொன்று வேண்டும் என்றுதான் இரண்டு வைக்கிறார்கள். அந்த அறையைப் படகு ஒவ்வொரு நாளும் வாங்கும். ஒரு திருகு தளர்ந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

கடையில் எங்களிடம் பேசியவர் நம்ம ஆள்தான். அறுபது வயது இருக்கும், நெற்றியில் விபூதி, மேஜைக்குப் பின்னால் முருகன் படம் போட்ட காலண்டர். "எந்த ஊர் தம்பி?" என்றார். தூத்துக்குடி என்றதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தமிழ் அவருக்குத் தடுமாறித்தான் வந்தது, ஆனால் பேசினார். அண்ணனிடம் தாத்தா பேரைக் கேட்டு, "ஐயோ, அவரை எங்கப்பாவுக்குத் தெரியுமே" என்றார். தெரியுமோ தெரியாதோ, இப்போது யாருக்குத் தெரியும்!

அப்புறம் அவர் செய்த காரியம்தான் எங்களைக் கவிழ்த்தது. ஷோரூமில் நின்ற படகின் தளத்தில் இருந்த வட்ட மூடியைத் திருகித் திறந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, தளத்துக்குக் கீழே தண்ணீர் தேங்குகிற அடிப்பள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்து வெளியே எடுத்து எங்கள் மூக்குக்கு நேரே விரித்துக் காட்டினார். ஒரு தூசி இல்லை. "பாத்துக்கோங்க. நம்மகிட்டேருந்து போற படகு எல்லாம் இப்படித்தான் போகும். ஒவ்வொண்ணையும் நானே பாத்துத்தான் அனுப்புவேன்." அண்ணன் அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டார்.

எங்களுக்கு வந்தது அந்தப் படகு இல்லை. அதே மாடல், தொழிற்சாலையிலிருந்து நேரே வந்தது. அதன் வட்ட மூடியைச் சுற்றி சிலிகான் பூசி ஒட்டியிருந்தார்கள். "தண்ணி இறங்காம இருக்க, தம்பி" என்றார். எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, டிரெய்லரை நகர்த்தினோம்.

ஹிக்கின்சன் ஹைவேயில் பிரேக் அடிக்கிற இடமெல்லாம் பின்னால் உண்டியல் குலுங்குகிற மாதிரி ஒரு சத்தம். முதலில் டிரெய்லர் சங்கிலி என்றுதான் நினைத்தோம். வீட்டு வாசலில் நிறுத்திப் படகின் மூக்கைத் தூக்கி வைத்து, பின்னால் இருக்கிற வடிகால் அடைப்பானைக் கழற்றி, உள்ளே ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டோம். கொஞ்சம் தண்ணீர் வந்தது, நின்றுவிட்டது. துளை அடைத்துக்கொண்டது. அண்ணன் ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். அதற்கப்புறம் வந்தது பாருங்கள்.

திருகுகள், நீளம் நீளமாக. நட்டுகள். பாப் ரிவெட் அடித்த பிறகு உடைந்து விழுகிற ஆணித் துண்டுகள் ஒரு கைப்பிடி. ஃபைபரில் வட்ட ரம்பம் போட்டு அறுத்த வில்லைகள். முறிந்த டிரில் பிட் ஒன்று. சீலன்ட் குழாயின் வெட்டிய மூக்கு. இது எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டு, கண்ணாடி நார்த் தூளும் ரெசின் பொடியும் தண்ணீரில் குழைந்த சாம்பல் நிறச் சேறு. கையில் பட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும். அண்ணன் மனைவி சமையலறையிலிருந்து பேக்கிங் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள், நிரம்பிவிட்டது. என்னை உலுக்கியது அதில் கிடந்த வாஷர்கள். பெரிய, அகலமான வாஷர்கள், பிளாஸ்டிக் பையோடு. பையின் வாய்கூடப் பிரிக்கவில்லை.

புரிகிறதா? குப்பை என்றால் கூட்டிப் போட்டுவிடலாம். பிரிக்காத வாஷர் பை கிடக்கிறது என்றால் அந்த வாஷர் போகவேண்டிய இடத்தில் இல்லை என்று அர்த்தம். டார்ச்சும் செல்போன் கேமராவும் வைத்து உள்ளே பார்த்தோம். கயிறு கட்டுகிற கிளீட், கைப்பிடிக் கம்பி எதற்கும் உள்பக்கம் தகடு இல்லை, அகல வாஷர் இல்லை. வெறும் நட்டு, அதுவும் ஃபைபர்மேல் நேராக. இழுவிசையைப் பரப்பிக் கொடுக்கத்தான் அங்கே தகடு வைப்பது. அது இல்லாவிட்டால் பலமாக இழுக்கிற அன்றைக்கு போல்ட் ஃபைபரைக் கிழித்துக்கொண்டு வரும். அலைக்குள் ஒருவன் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான்.

கிடைத்த திருகுகளில் காந்தத்தை வைத்தேன். பச்சக்கென்று ஒட்டியது. கடலுக்கு ஆகிற 316 ரக ஸ்டெயின்லெஸ் எஃகில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பு சீக்கிரம் அரிக்காது. எங்களுக்கு வந்தது துத்தநாகம் பூசிய சாதா இரும்பு. இதே பெட்டியிலிருந்து எடுத்த திருகுதானே மேலேயும் போட்டிருப்பான்? போட்டிருந்தான், இரண்டு மூன்று இடங்களில்.

இன்னும் இருக்கிறது. மேலிருந்து அடித்த ஒரு திருகின் கூர்முனை உள்ளே நீட்டிக்கொண்டு பெட்ரோல் ஹோஸை உரசி நின்றது. ஹோஸில் ஏற்கெனவே வெள்ளைக் கோடு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கசிந்தால் போய்த் தேங்குகிற இடம் அடிப்பள்ளம். பம்பும் ஒயரும் இருக்கிற இடமும் அதுதான். அந்தப் பம்பின் வடிகட்டியில் மேலே சொன்ன சேறு அப்பியிருந்தது. தண்ணீர் ஏறினால் தானாகப் பம்பைப் போடுகிற மிதவை சுவிட்சுக்கு அடியில் ஒரு நட்டு சிக்கி, மிதவை அசையவே இல்லை. படகுக்குள் தண்ணீர் வந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

இது எப்படி நடக்கிறது என்று தெரியாத ஆள் இல்லை நான். அடிப்பாகத்தை ஒரு அச்சில் வார்க்கிறார்கள், மேல்தளத்தை இன்னொரு அச்சில். இரண்டையும் பொருத்தி ஒட்டிவிட்டால் உள்ளே கை போகாது. குனிந்து படுத்து வேலை செய்கிறவன் கையிலிருந்து திருகு நழுவத்தான் செய்யும். அதில் தப்பில்லை. தளத்தை மூடுவதற்கு முன்னாலும், துளை போட்ட பிறகும் ஒருவன் வாக்குவம் வைத்து இழுக்கவேண்டும், ஒரு படகுக்கு எத்தனை சாமான் கொடுத்தோம் எத்தனை திரும்பியது என்று கணக்குப் பார்க்கவேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு ஸ்பேனர் குறைந்தால் மூடியைப் போட ஃபோர்மேன் விடமாட்டார். லட்சக்கணக்கில் விலை வாங்குகிறவனுக்கு அந்த அரை மணி நேரம் இல்லையா?

சரி, கடைக்குப் போவோம். தட்டோடு போனோம். கைக்குட்டை மனிதர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாப் புதுப் படகுலயும் கொஞ்சம் இருக்கும் தம்பி, நாலு தடவை கடல்ல போனா கழுவிக்கிட்டு வந்துடும்." வாஷர் பையைக் காட்டினேன். "ஸ்பேர் குடுத்திருப்பாங்க." ஸ்பேரை யாராவது தளத்துக்கு அடியில் போட்டு ஒட்டுவானா? போட்டோ எடுத்து மெயில் போடச் சொன்னார், போட்டோம். வாட்ஸாப்பில் நீல டிக் விழும், பதில் வராது. போன் எடுத்தால் சர்வீஸ் ஆள் லீவு. டிசம்பர் பாதியில் தொழிற்சாலைகளுக்கு ஆண்டு விடுமுறை வந்தது, அது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அதற்கு முன்னால் ஒருதரம் படகை வாங்கி வைத்து, "எல்லாம் பார்த்தாச்சு" என்று திருப்பித் தந்தார்கள். மூடிக்கு நேர் கீழே மட்டும் பளபளவென்று துடைத்திருந்தது. ஒரு முழம் தள்ளிக் கேமராவை விட்டால் அதே சேறு, அதே நட்டு, அதே வெறும் போல்ட்.

கடைசியில் முதலாளியே லைனில் வந்தான். சிலிகானைக் கிழித்து மூடியைத் திறந்தது நாங்களாம், அதனால் வாரன்டி செல்லாதாம். பம்ப் வடிகட்டி தேய்மானச் சாமானாம். விபூதிக்காரரைக் கூப்பிட்டால் இப்போது தமிழே வரவில்லை. "சார், ப்ளீஸ் டாக் டு தி ஆபீஸ்." தம்பி போய் சார் ஆகிவிட்டேன்.

சொந்தமாகத் தொழில் பார்க்கிற, படகின் நிலையைச் சோதித்துச் சொல்கிற ஒரு சர்வேயரை அழைத்துக் காட்டினோம். இந்த நிலையில் அலையில் இறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தையும் அனுப்பி, இத்தனை தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் வெளியில் செய்துகொண்டு உங்களிடம் வசூலிப்போம் என்று எழுத்தில் கொடுத்தோம். மௌனம். பிறகுதான் வேறு பட்டறை. தளத்தில் இரண்டு இடம் அறுத்து மூடி வைத்து, உள்ளே முழுக்கச் சுத்தம் செய்து, தகடு வைத்து எல்லா போல்ட்டையும் மறுபடி இறக்கி, ஹோஸ், பம்ப், சுவிட்ச் எல்லாம் புதிது. சர்வேயர் கூலியோடு 38,700 ரேண்ட். அண்ணனின் பங்கு அவர் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த காசிலிருந்து வந்தது.

தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008இன் 68ஆம் எண், 56ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று முடிவு செய்வது வாங்கியவர்தான், கடைக்காரன் இல்லை. ரிப்பேர் செய்து மூன்று மாதத்துக்குள் குறை தீரவில்லை என்றாலோ புதுக் குறை வந்தாலோ மாற்றித் தரவேண்டும், இல்லை பணம் தரவேண்டும். கடையின் வாரன்டி அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் இது உண்டு. எங்கள் புகார் இதை வைத்துத்தான்.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பில்லை எடுத்து வைத்துப் பார்த்ததும் கை ஓடவில்லை. சுருக்கமாக:

காட்டுகிற படகும் கொடுக்கிற படகும் ஒன்றா என்று அடிப்பாகத்தில் பொறித்த எண்ணை வைத்துப் பாருங்கள். மிச்சப் பணம் கட்டும் முன் கடை வாசலிலேயே அடைப்பானைக் கழற்றி, மூக்கைத் தூக்கி, தண்ணீர் விடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். மூடி ஒட்டியிருந்தால் அவர்கள் கையாலேயே திறக்க வையுங்கள், வீடியோ எடுங்கள். ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். மிதவை சுவிட்சை விரலால் தூக்கிப் பாருங்கள், பம்ப் ஓடவேண்டும். போனில் பேசியதை அன்றைக்கே மெயிலில் எழுதிப் போடுங்கள்.

கடை பெயர் கேட்டு இன்பாக்ஸில் வரவேண்டாம், சொல்ல மாட்டேன். அதே ஷோரூமில் வாங்கி, அதே சத்தம் கேட்டவர்கள் யாராவது இருந்தால் மட்டும் எழுதுங்கள். பில்லும் போட்டோவும் பத்திரமாக வைத்திருங்கள், சேர்ந்து போவோம்.