2,850 டாலரும் ஒரு போலிச் சீட்டும்: பழைய மாண்டலின் வாங்குவோர் கவனத்திற்கு

பழைய இசைக்கருவிகளை விற்பவர்களையும் வாங்குபவர்களையும் இணைக்கும் ஓர் இணையச் சந்தையிலிருந்து நேற்று மாலை எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. அங்கே வாங்கிய போலி மாண்டலின் பற்றிய என் புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டதாம். அதற்குமேல் ஒரு விளக்கமும் அதில் இல்லை. என் 2,850 டாலர் திரும்பி வராது என்பதுதான் அதன் பொருள். கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன். சென்னையில் வளர்ந்தபோது உ. ஸ்ரீநிவாஸின் கச்சேரிகளைக் கேட்டுத்தான் மாண்டலின் மீது எனக்குப் பற்று ஏற்பட்டது. அவர் வாசித்தது ஐந்து தந்திகள் கொண்ட மின்சார மாண்டலின். இங்கே வந்த பிறகு, இரண்டிரண்டாக எட்டுத் தந்திகள் கட்டிய, மரத்தின் ஒலியை மட்டுமே நம்பியிருக்கும் பழைய அமெரிக்க மாண்டலின்களைக் கண்டேன். ஆறு ஆண்டுகளாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மூன்று கருவிகள் சேர்த்திருக்கிறேன். நான்காவதாக நான் ஆசைப்பட்டது, 1924-ஆம் ஆண்டைச் சேர்ந்த, கிப்ஸன் நிறுவனத்தின் ஏ-2 வகை மாண்டலின்.

ஏன் அந்த ஆண்டு என்று சொன்னால்தான் நடந்த மோசடி விளங்கும். மிச்சிகனில் உள்ள கலமஸூ நகரில் 1902-இல் கிப்ஸன் நிறுவனம் தொடங்கியது. இத்தாலியின் நேப்பிள்ஸ் பாணி மாண்டலின்களின் முதுகு, மெல்லிய மரப் பட்டைகளை ஒட்டிச் செய்த குடம் போல இருக்கும். நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஆர்வில் கிப்ஸனோ வயலினைப் போல மேற்பலகையையும் பின்பலகையையும் செதுக்கி வளைவு கொடுத்தார். 1920-களின் தொடக்கத்தில் இந்தக் கருவிகளில் மூன்று மாற்றங்கள் வந்தன. உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற குதிரை (மேற்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) 1921-இல் காப்புரிமை பெற்றது. கழுத்து வளையாமல் காக்க, முறுக்கிச் சரிசெய்யக்கூடிய 'ட்ரஸ் ராட்' எனப்படும் இரும்புக் கம்பி கழுத்துக்குள் வந்தது. மேலே போகப் போக அகலும் தலைப்பகுதிக்குப் பதிலாக, மேலே குறுகும் 'பாம்புத் தலை' வந்தது. அதனால் தந்திகள் பிரடைகளை (தந்திகளை முறுக்கும் திருகுகளை) நோக்கி ஏறக்குறைய நேராகச் செல்கின்றன. இந்த மூன்றும் உள்ள ஏ-2, பத்தாண்டு முந்திய அகலத் தலை மாண்டலினைவிட நல்ல விலைக்குப் போகும். ஆகவே பழையதைப் புதியது போலக் காட்டத் துணிபவனுக்குப் போதிய லாபம் இருக்கிறது.

விற்றவர் பதினான்கு படங்கள் போட்டிருந்தார். குதிரையின் அடியில் காப்புரிமைத் தேதி தெளிவாகத் தெரிந்தது. தந்திகளைப் பிடித்திருக்கும் தகட்டின் மூடியில் 'தி கிப்ஸன்' என்று பொறித்திருந்தது. ஓசைத் துளை வழியாக, தொடர் எண் எழுதிய சீட்டும் தெரிந்தது. கழுத்து உடலோடு சேரும் கட்டையில், உட்புறமாக, தொழிற்சாலை ஆணை எண் என்று தனியாக ஒன்று இருக்கும்; அதையும் படம் எடுத்து அனுப்புமாறு கேட்டேன். சிறு கண்ணாடியொன்றை உள்ளே விட்டால் ஐந்து நிமிட வேலை. அவர் படம் அனுப்பவில்லை. மாறாக, காணொளியில் அழைத்தார்.

அந்த நாற்பது நிமிடங்களை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. நான் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, "ஸ்ரீநிவாஸின் ஊர்" என்றார். ரிமெம்பர் சக்தி குழுவில் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுடன் அவர் வாசித்ததை நேரில் கேட்டதாகவும், 2014-இல் அவர் மறைந்த செய்தி வந்த அன்று முழுவதும் அவருடைய இசைத்தட்டுகளையே போட்டுக் கேட்டதாகவும் சொன்னார். அதன் பிறகு அந்த மாண்டலினை மடியில் வைத்து மெதுவாக ஒரு மெட்டு வாசித்தார். "வியாபாரிகளுக்கு விற்க மனமில்லை, வாசிக்கிறவர் கையில் இது போக வேண்டும்" என்றார். "லாயிட் லோர் தொழிற்சாலையில் இருந்த காலத்துக் கருவி" என்றும் சேர்த்துக்கொண்டார். லோர் கிப்ஸனில் பணியாற்றிய புகழ்பெற்ற ஒலிப் பொறியாளர். அவர் கையொப்பமிட்ட சீட்டு 1922 முதல் 1924 வரை எஃப்-5, எச்-5, கே-5, எல்-5 போன்ற ஐந்தாம் வரிசைக் கருவிகளில்தான் காணப்படும் என்பதும், ஏ-2-வுக்கு அந்தப் பெயரால் எந்த உயர்வும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஆர்வத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். கேட்ட படம் வரவில்லை என்பது நினைவிலேயே இல்லை. அழைப்பு முடிந்த பத்தாவது நிமிடம் 2,850 டாலரைச் செலுத்தினேன். ஸ்ரீநிவாஸின் பெயரைச் சொல்லி ஒருவர் என்னை ஏமாற்றுவார் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

கருவி வந்து நான்கு நாள் வாசித்தேன். ஐந்தாம் நாள் தந்திகள், கழுத்தின்மேல் குறுக்காகப் பதித்த மெட்டுக் கம்பிகளிலிருந்து எழும்பி விரலுக்குக் கடினமாயின. கழுத்துக் கம்பியைச் சற்றே முறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து, மறுநாள் எங்கள் ஊரில் தந்திக் கருவிகளைப் பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். கம்பியின் முனையை மறைக்கும், தலைப்பகுதியிலிருந்த சிறு மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அவர் ஒன்றும் சொல்லாமல் கருவியை என் பக்கம் திருப்பினார். மூடிக்குக் கீழே வெறும் மரம். துளையும் இல்லை, கம்பியும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பிரடைத் தகடுகளைக் கழற்றினால், அடியில் மரக்குச்சி வைத்து அடைத்த பழைய துளைகள். அகலமான தலையை இருபுறமும் அறுத்துப் பாம்புத் தலையாக்கி, முன்பக்கம் புதிய மெல்லிய மரத்தகடு ஒட்டியிருக்கிறார்கள். மேற்பலகையில் இருந்த பழைய கீறல்களுக்குள்ளும் புதுப் பூச்சு இறங்கியிருந்தது. ஆணை எண் இருக்க வேண்டிய இடம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப்பட்டிருந்தது. சீட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அச்செழுத்துகள் கணினி அச்சுப்பொறியின் சிறு புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தன. அதன்மேல் எண்ணை மட்டும் கையால் எழுதியிருந்தார்கள். குதிரையும் தகட்டு மூடியும் அசல்தான் என்றார் பெரியவர். மாண்டலின் குதிரை ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தில் நிற்கிறது. உடைந்துபோன எந்தக் கருவியிலிருந்தும் அதை எடுத்து எதன்மீதும் வைக்கலாம். கழற்றக்கூடியவை எல்லாம் அசலாகவும், கழற்ற முடியாதவை எல்லாம் பொய்யாகவும் இருந்தன. இந்த நிலையில் 900 டாலர் கிடைத்தால் பெரிது என்றார். நான் கொடுத்தது 2,850.

அன்றிரவே விற்றவருக்கு எழுதினேன். "எனக்குத் தெரிந்தவரை சரியாகத்தான் விவரித்தேன்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இரண்டாம் கடிதத்துக்குப் பதில் இல்லை. அந்தச் சந்தையின் உதவிப் பிரிவு, பரிசோதனைக் காலம் மூன்று நாள், நான் ஆறாம் நாள் புகார் செய்திருக்கிறேன் என்றது. மூடியைக் கழற்றாமல் மூன்று நாளில் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, எழுத்துப்பூர்வ மதிப்பீடு கேட்டார்கள். பெரியவர் இரண்டு பக்கம் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். பத்து நாள் கழித்து, அவர் எங்கள் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் அல்லர் என்றார்கள். பட்டியலைக் கேட்டேன், அதை வெளியிடுவதில்லையாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் வேறொருவர் பதில் எழுதினார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடன் அட்டை நிறுவனமோ, மாண்டலின் கேட்டீர்கள், மாண்டலின் வந்திருக்கிறது என்கிறது. 1910-களின் கருவிக்கும் 1924-இன் கருவிக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு விளக்கி நான் எழுதிய மூன்று பக்கங்களை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஐந்து வாரங்கள், பதினேழு மின்னஞ்சல்கள், 2,850 டாலர்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு மனம் ஒத்துழைக்கவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். ஆணை எண்ணின் படம் வராமல் பணம் அனுப்பாதீர்கள். கம்பி மூடியையும் பிரடைகளையும் கழற்றிப் படம் கேளுங்கள், மறுத்தால் விலகிவிடுங்கள். குதிரையையும் தகட்டையும் பார்த்து ஆண்டை முடிவு செய்யாதீர்கள். பெட்டி வந்த அன்றே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

இன்னொன்றை இன்று காலைதான் கண்டேன். அதே விற்பனையாளர் அதே சந்தையில் 1923-ஆம் ஆண்டுப் பாம்புத் தலை மண்டோலா (மாண்டலினைவிடச் சற்றுப் பெரிய கருவி) ஒன்றை விற்பனைக்கு வைத்திருக்கிறார். ஓசைத் துளை வழியாகச் சீட்டு தெரிகிறது. அதில் உள்ள ஏழு என்ற எண்ணின் நடுவே குறுக்குக் கோடு போட்டு, வால் இடப்பக்கம் வளைந்திருக்கிறது. என் மாண்டலினின் சீட்டை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கை.