மொட்டைத்தலையும் முக்காடும்: கேமிலிருந்து படமான மூன்று கொலையாளிகள்

ஒரு இராத்திரிக்கு ஒரு படம்தான் என்றால் ‘அசாசின்ஸ் கிரீட்’ பாருங்கள். இரண்டு பார்க்க நேரமிருந்தால் அதற்கு முதல் 2007 இல் வந்த ‘ஹிட்மேன்’. 2015 இன் ‘ஹிட்மேன்: ஏஜெண்ட் 47’ கடைசி இடத்துக்குரியது, விட்டாலும் நட்டமில்லை. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பெடியள் பலர் வீடியோ கேமை முடித்துவிட்டு, அதே ஆளைத் திரையில் தேடி இந்தப் படங்களுக்கு வருகிறார்கள். கேமையே தொடாமல் ஒரு சண்டைப்படம் என்று நினைத்து உட்காருபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பகுதியாருக்கும் இந்தப் படங்கள் வேறு வேறு இடத்தில் காலை வாருகின்றன.

முதலில் ஹிட்மேன் கேம் எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டும். டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய தொடர் அது. அதன் நாயகன் ஏஜெண்ட் 47 என்ற கூலிக்கொலையாளி: மொட்டைத்தலை, பின்மண்டையில் பார்கோட், கறுப்பு சூட், சிவப்பு டை. ஆளைப் பார்த்தால் துவக்குச் சண்டைக்காரன் போலத் தெரியும். ஆனால் கேமில் துவக்கை எடுத்தவன் பெரும்பாலும் தோற்றவன். 2016 இன் கேமில் பாரிஸ் ஃபேஷன் ஷோ நடக்கும் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லவேண்டியவர்கள் இரண்டே பேர்: விக்டர் நொவிகோவ், டாலியா மார்கோலிஸ். உள்ளே போய், யார் எந்தக் கதவால் வருகிறார், யார் எங்கே நின்று குடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். மறுகா ஒரு பரிசாரகனின் உடுப்பு, அவன் கையிலிருக்கும் கிளாஸில் எலிப்பாஷாணம், குடித்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடும்போது பின்னாலேயே நீங்கள். ‘சைலன்ட் அசாசின்’ தரம் வேண்டுமென்றால் இலக்கைத் தவிர வேறொருவரும் சாகக்கூடாது, விபத்தாகத் தெரியாத பிணம் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது, உங்களை யாரும் அடையாளம் காணக்கூடாது, கமராப் பதிவும் மிஞ்சக்கூடாது.

கல்லடியில் வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடு நிற்பவரைப் பார்த்திருப்பீர்கள். நிற்பதுதான் அவருடைய தொழில், வலை பறப்பது ஒரு கணம். ஹிட்மேன் கேமும் அதே மாதிரித்தான். இரண்டு ஹிட்மேன் படங்களும் அந்த நிற்பதை வெட்டி எறிந்துவிட்டு வலை வீசுவதை மட்டும் தொண்ணூறு நிமிடம் காட்டுகின்றன.

2007 படத்தை இயக்கியவர் பிரான்ஸ் நாட்டவரான சேவியர் ஜென்ஸ். திமோதி ஒலிஃபன்ட் 47 ஆக வருகிறார், கூட ஓல்கா குரிலென்கோ, துரத்தும் இன்டர்போல் அதிகாரியாக டக்ரே ஸ்கொட். சுமார் 24 மில்லியன் டொலர் செலவில் எடுத்து, உலகம் முழுக்க சுமார் 100 மில்லியன் வசூலித்தது. கதையின் முடிச்சு நல்லது: ரஷ்ய ஜனாதிபதியைச் சுட்டுவிட்டேன் என்று 47 நம்புகிறான், அவர் உயிரோடு தொலைக்காட்சியில் பேசுகிறார், ஏவிய அமைப்பே அவனைத் தேடி ஆளனுப்புகிறது. ரஷ்யா என்று காட்டும் தெருக்களில் பெரும்பகுதி பல்கேரியாவின் சோபியா நகரம். பழைய கல்லும் சாம்பல் வானமும் கதைக்கு நன்றாகவே பொருந்துகின்றன.

இந்தப் படத்தில் கவனித்துப் பார்க்கவேண்டியது ஒலிஃபன்ட்டின் கழுத்து. தலையைத் தனியே திருப்பாமல் தோளோடு சேர்த்துக் கிறுகுகிறார், கைகள் உடம்பை விட்டு அகலாது. கேமில் 47 நடக்கும் விறைப்பு அதுதான். முகம் இளமையாக இருக்கிறது என்ற குறை உண்மைதான், ஆனால் உடம்பு பாத்திரத்துக்குள் போயிருக்கிறது. சுரங்க ரயில் பெட்டிக்குள் நான்கு கொலையாளிகள் ஒருவரையொருவர் துவக்கால் குறிவைத்து நின்று, பிறகு துவக்குகளைக் கீழே போட்டு ஆளுக்கு இரண்டு வாள் உருவும் சண்டை ஒன்று வருகிறது. கேமில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. பார்க்க விறுவிறுப்புத்தான், ஆனால் ஒளிந்து வாழும் மனிதர்கள் அப்படி அணிவகுத்து நிற்கமாட்டார்கள். ஹோட்டலில் தப்பி ஓடும்போது 47 ஒரு அறைக்குள் விழ, அங்கே சிறுவர்கள் ஹிட்மேன் கேமையே விளையாடிக்கொண்டிருக்கும் கணம் கேம்காரருக்கு வைத்த சிறு பரிசு.

பிழை தொடக்கத்திலேயே கிடக்கிறது. மொட்டையடித்த பிள்ளைகள் பயிற்சி எடுப்பதாக ஓடும் காட்சிகளில் ‘டார்க் ஏஞ்சல்’ என்ற பழைய தொலைக்காட்சித் தொடரின் துண்டுகளை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காட்சிகளின் நிறமும் வெளிச்சமும் மற்றக் காட்சிகளோடு ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம் அது. கேமில் 47 ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்ட குளோன், இங்கே அமைப்பு எடுத்து வளர்த்த அநாதை. இந்த மாற்றம் கதையைக் கெடுக்கவில்லை, ஆனால் பார்கோடுக்கு இருந்த காரணத்தைப் பாதியாக்கிவிட்டது. பத்துக்கு ஐந்து கொடுக்கலாம்.

‘ஏஜெண்ட் 47’ இல் போல் வோக்கர் நடிக்கவிருந்தார். அவர் 2013 இல் மறைந்த பிறகு ரூபர்ட் ஃப்ரெண்ட் வந்தார். அலெக்சாண்டர் பாஹ் இயக்கம், பெர்லினிலும் சிங்கப்பூரிலும் படப்பிடிப்பு. ஹன்னா வெயார் நடிக்கும் கதியா, வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே உணர்கிறாள். 2012 இன் ‘ஹிட்மேன்: அப்சொலூஷன்’ கேமில் எதிரிகள் போகும் வழியை முன்கூட்டியே காட்டிய ‘இன்ஸ்டிங்க்ட்’ வசதியை ஒரு பெண் பாத்திரமாக்கியிருக்கிறார்கள். நல்ல யோசனை, அதை வைத்தே முழுப்படம் எடுத்திருக்கலாம். 47 வேண்டுமென்றே பிடிபட்டு விசாரணை அறைக்குள் போய் உட்காருவதும் சரியான கேம் மூளை. அதற்குப் பிறகு முழுக்கத் துவக்குச் சத்தம். சக்கரி குவின்டோவின் தோலுக்கு அடியில் கவசம், குண்டு பட்டாலும் எழும்பி வருகிறார். குண்டு படுவதில் ஒன்றுமில்லை என்று படமே சொன்ன பிறகு அடுத்த குண்டுக்கு யார் பயப்படுவது? துவக்குச் சத்தம் என்றால் என்னவென்று தெரிந்த சனம் இந்தக் கரையோரத்தில் இருக்கிறது. அவர்களுக்கு இந்தப் படத்தின் வேட்டுகள் பட்டாசுக்கு மேல் படாது. சிவப்பு அவுடி காரும் சிங்கப்பூர்ப் பூங்காவும் கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவுதான். பத்துக்கு மூன்று.

2016 இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட்’ வேறு சாதி. யூபிசாஃப்ட் 2007 இல் வெளியிட்ட கேம்தான் மூலம், ஆனால் படம் கேமின் கதையை எடுக்காமல் புதுக்கதை சொல்கிறது. அதனால் கேம் தெரியாதவரும் தொடரலாம். ஜஸ்டின் கர்ஸல் இயக்கம், மைக்கல் ஃபாஸ்பெண்டர், மரியோன் கொட்டியார், ஜெரமி அயர்ன்ஸ் நடிப்பு. கர்ஸலும் ஃபாஸ்பெண்டரும் கொட்டியாரும் அதற்கு முந்திய ஆண்டுதான் சேர்ந்து ‘மக்பெத்’ செய்திருந்தார்கள். செலவு சுமார் 125 மில்லியன் டொலர், வசூல் சுமார் 240 மில்லியன். மரணதண்டனைக் கைதி கலம் லிஞ்ச் சாகடிக்கப்பட்டதாகக் காட்டப்பட்டு மட்ரிட்டில் கண்விழிக்கிறான். ‘அனிமஸ்’ என்ற இயந்திரம் அவனை 1492 ஆம் ஆண்டு ஸ்பெயினில் வாழ்ந்த மூதாதை அகிலாரின் நினைவுக்குள் இறக்குகிறது. கிரனாடா விழும் வருடம், மதவிசாரணை நீதிமன்றம் ஆட்களை உயிரோடு எரிக்கும் காலம்.

அந்த 1492 பகுதிக்காகவே படத்தைப் பார்க்கலாம். தூசி, புகை, வெயில், சுவரில் உரசும் தோல் உடுப்பு எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுபோல இருக்கும். எரிமேடையிலிருந்து தப்பி, கயிற்றில் நடந்து, ஓட்டுக்கூரைகளுக்கு மேலால் ஓடும் துரத்தலில் கால் எங்கே ஊன்றுகிறது, அடுத்த பிடி எங்கே இருக்கிறது என்று கண் தொடர முடிகிறது. கேமில் பொத்தானை அமத்திப் பிடித்துச் சுவரேறும்போது வரும் சுகம் அதுவே. உயரத்திலிருந்து கைவிரித்துக் குதிக்கும் புகழ்பெற்ற பாய்ச்சலை டேமியன் வோல்ட்டர்ஸ் என்ற சண்டைக்கலைஞர் 125 அடியிலிருந்து நிஜமாகவே குதித்திருக்கிறார், கீழே காற்றுமெத்தை. அறுபது அடித் தென்னை இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, வட்டிலிருந்து குதிப்பதாக நினைத்துப் பாருங்கள். கணினி வரைந்த உடம்பு விழுவதற்கும் மனித உடம்பு விழுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு காட்சியில் வயிற்றுக்குள் தெரியும்.

மணிக்கட்டுக்கு அடியிலிருந்து பாயும் மறைகத்தியை அணிய மோதிரவிரலை வெட்டிக்கொடுக்கும் சடங்கை மிகக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். முதல் கேமின் நாயகன் அல்தாயிர் என்பவனுக்கும் அந்த விரல் இல்லை. 2009 இன் இரண்டாவது கேமில் லியனார்டோ டா வின்சி கத்தியைத் திருத்திக் கொடுப்பதால் அதன் நாயகன் எட்சியோவின் விரல் தப்புகிறது. படம் நடக்கும் 1492 உம் எட்சியோவின் காலம்தான். இத்தாலியில் தேவையற்றுப்போன வலி ஸ்பெயினில் சடங்காகத் தொடர்கிறது என்று எடுத்துக்கொண்டால் அந்தக் காட்சி இன்னும் கனக்கும்.

அப்படியென்றால் படம் ஏன் தோற்றதென்று பேசுகிறார்கள்? பாதிக்கு மேற்பட்ட நேரம் சாம்பல்நீல ஆய்வுகூடத்துக்குள் போகிறது. அனிமஸ் கேமில் படுத்திருக்கும் கட்டில் மாதிரி, படத்தில் ஆளைத் தூக்கிச் சுழற்றும் இயந்திரக் கை. அதைக் காட்டும் ஆசையில், அகிலார் ஒரு வெட்டு வெட்டும்போதே படத்தொகுப்பு ஆய்வுகூடத்துக்குத் தாவி, வெறும் காற்றை வெட்டும் கலம்மைக் காட்டுகிறது. ஒவ்வொரு தாவலிலும் சண்டையின் மூச்சு அறுகிறது. இரண்டாவது காரணம் அகிலாரே. எங்கள் கூத்தில் ஒரு பாத்திரம் வரவு ஆடி, தான் யார், எந்த நாட்டான் என்று பாடிய பிறகே கதைக்குள் இறங்கும். அகிலாருக்கு வரவு இல்லை. அவனுக்கு என்ன பிடிக்கும், கூடவே சண்டையிடும் மரியாவோடு என்ன உறவு என்று ஒன்றும் தெரியாமலே அவனுக்காக நாம் பதறவேண்டியிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் ஆறரை.

இனிப் பார்க்கும் முறை. ‘அசாசின்ஸ் கிரீட்’ இல் 1492 ஆட்கள் ஸ்பானிய மொழியில்தான் பேசுகிறார்கள். அந்த வசனத்துக்கு மட்டும் வரும் துணைத்தலைப்பு தனித் தடமாக இருக்கக்கூடும், அது இல்லாத பிரதி கையில் இருந்தால் நல்ல பாதி விளங்காது. தொடங்குமுன் ஸ்பெயின் காட்சி ஒன்றுக்கு ஓட்டிப்பார்த்து எழுத்து வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். தனியே எடுத்த துணைத்தலைப்பு போகப்போகப் பிந்தினால் அல்லது முந்தினால் பெரும்பாலும் வேக வித்தியாசம்தான் காரணம்: படம் விநாடிக்கு 23.976 பிரேம், எழுத்து 25 க்குச் செய்தது. நூற்றுக்கு நாலு வீதம் என்றாலும் 115 நிமிடப் படத்தின் கடைசியில் நாலரை நிமிடத்துக்கு மேல் விலகிவிடும். தொடக்கத்தைத் தள்ளிச் சரிசெய்வது பிரயோசனமில்லை, பிரேம் வேகத்தை மாற்றவேண்டும். 2007 படத்தின் ‘பால்’ (PAL, விநாடிக்கு 25 பிரேம்) முறை டிவிடி 93 நிமிடத்துக்குப் பதில் 89 அளவில் முடிவதும் இதே கணக்கு, வெட்டிவிட்டார்கள் என்று பயப்படவேண்டாம்.

தமிழ்த் துணைத்தலைப்பு போட்டால் பல தொலைக்காட்சிகளில் ‘கொலை’ என்ற சொல்லின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது வெறும் பெட்டிகள் வரும். பெட்டி என்றால் கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்துப் பாருங்கள். கொம்பு இடம் மாறினால் தொலைக்காட்சியின் எழுத்துரு இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது என்று அர்த்தம். மடிக்கணினியில் விஎல்சி (VLC) என்ற செயலி வழியாக ஓட்டி, எச்டிஎம்ஐ வயரால் இணைப்பதே வழி. படம் ஓடி, சத்தம் மட்டும் வராவிட்டால் ஒலித்தடம் டிடிஎஸ் ஆக இருக்கும். 2018 இலிருந்து வந்த சாம்சங் தொலைக்காட்சிகள் அதை வாசிப்பதில்லை. டால்பி தடம் இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

அசைவை மிருதுவாக்கும் வசதியைக் கட்டாயம் நிறுத்துங்கள். எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’. அது வேலை செய்தால் கூரைத் துரத்தல் தொலைக்காட்சி நாடகம் மாதிரி வழுக்கும். கர்ஸலின் புகையும் தூசியும் குறைந்த பிட்ரேட்டில் (விநாடிக்கு ஒதுக்கும் தரவளவில்) சதுரம் சதுரமாக உடையும், 700 எம்பி பிரதியில் பார்ப்பது வீண். ஸ்ட்ரீமிங் என்றால் எச்டிக்கு மணிக்குச் சுமார் 3 ஜிபி, முழுப்படத்துக்கு 6 ஜிபி அளவில் வரும். போன் டேட்டாவில் பார்ப்பவர்கள் கணக்குப் பார்த்துத் தொடங்குங்கள். ஆய்வுகூடக் காட்சிகள் இருட்டு, பகலில் யன்னல் திறந்திருந்தால் முகம்கூடத் தெரியாது.

யாரோடு பார்ப்பது என்பதும் முக்கியம். இரண்டு ஹிட்மேன் படங்களும் அமெரிக்காவில் ‘ஆர்’ தரம். 2007 படத்தில் இரத்தத்தோடு நிர்வாணக் காட்சியும் உண்டு. அம்மம்மா, மாமி இருக்கும் ஹோலில் போடாதீர்கள். ‘அசாசின்ஸ் கிரீட்’ ‘பிஜி-13’. கொலை நிறைய, இரத்தம் குறைவு. ஆனால் மரணதண்டனையும் எரிமேடையும் சிறு பிள்ளைகளுக்குக் கனமானவை.

படம் பார்த்து முடித்து, அந்தக் காத்திருப்பு எங்கே போனது என்று கேட்பவர்களுக்குக் கேம்தான் பதில். 2016, 2018, 2021 கேம்கள் மூன்றும் இப்போது ‘வேர்ல்ட் ஒஃப் அசாசினேஷன்’ என்று ஒன்றாக விற்கப்படுகின்றன. அதில் 2018 இன் மும்பைப் பகுதியைத் தவறவிடாதீர்கள். சனநெரிசலுக்குள் தோளோடு தோள் உரசி மறையும் சுகத்தை மூன்று படத்தில் ஒன்றுகூடத் தரவில்லை. வாங்குமுன் ஒன்று தெரிந்திருங்கள்: இணைய இணைப்பு இல்லாமலும் விளையாடலாம், ஆனால் புதிய ஆயுதங்களும் புதிய தொடக்க இடங்களும் திறக்க இணைப்பு வேண்டும். மார்கழி மழையில் லைன் அடிக்கடி அறும் வீடாக இருந்தால் அந்தப் பகுதிகளை வெயில் மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.