காட்டோர ஓட்டு வீட்டுல ஏர் பியூரிஃபயர், ஒரு கோடை ஓட்டிட்டு எழுதறேன்

டவுன்ல ஏசி ரூம் வெச்சிருக்கவங்க போட்ட ரிவ்யூவ படிச்சிதான் நானும் வாங்கினேன், நம்மது ஓட்டு வீடுங்கறத யோசிக்கவே இல்ல. பென்னாகரத்துக்கு அந்தாண்ட காட்ட ஒட்டின ஊரு. மாசி பங்குனில மூங்கிலும் உண்ணிச்செடியும் காஞ்சி கெடக்கும், எவனாச்சும் பீடிய வீசிட்டு போனா மூணு நாளைக்கு மலை புகையும், பகல்ல காத்துக்கு கலைஞ்சிடும், ராத்திரி குளிர குளிர பள்ளத்துல எறங்கி விடியற வரைக்கும் வாசல்லயே நிக்கும். அப்பாவுக்கு 74, சிஓபிடிங்கற நாள்பட்ட நுரையீரல் நோய், இன்ஹேலர் பம்ப் அடிக்கறவரு. போன வருஷம் அந்த புகையில இளைப்பு ஏறி நாலு நாள் ஆஸ்பத்திரி.

புகையில இருக்கற பிஎம் 2.5 தூசு தலைமுடி தடிமன்ல முப்பதுல ஒரு பங்குதான், நேரா நுரையீரலோட அடிக்கு போயிடும், வயசானவங்களுக்கு இதயத்துக்கும் ஆவாது. ஈரத்துண்டு கட்டினா நிக்காது. என்95 மாஸ்க் தடுக்கும், ஆனா ஏற்கனவே மூச்சு வாங்கற மனுஷன் அத போட்டுட்டு எப்படி தூங்குவாரு?

மெஷின் ஹெபா ஃபில்டர் வெச்சது, பொடித்தூச கூட புடிச்சி வெக்கற ஃபில்டர் அது. தூசுல மின்சாரம் ஏத்தி படிய வெக்கற அயனைசர் மாடல் வேணாம்னு விட்டுட்டேன், அதுலருந்து ஓசோன் வாயு வந்தா இளைப்புக்காரங்களுக்கு இன்னும் மோசம். சிஏடிஆர் 250, அதாவது மணிக்கு 250 கன மீட்டர் காத்த சுத்தம் பண்ணி தரும், பத்துக்கு பன்னெண்டு ரூமுக்கு தாராளம். ஃபில்டர் மேல பிளாஸ்டிக் கவர் சுத்திதான் வருது, அத பிரிக்காமலே ரெண்டு நாள் ஓட்டினோம், சிரிக்காதீங்க, நீங்களும் பாருங்க.

கவர பிரிச்ச பிறகும் ஓட்டு ரூம்ல மெஷின் காட்டற பிஎம் 2.5 நம்பர் 150க்கு கீழ வரல. ஓட்டு சந்துல வெளிப்புகை வந்துகிட்டே இருந்தா அது பாவம் என்ன பண்ணும். அப்புறம் கட்டில தூக்கி தார்சு ரூமுக்கு மாத்தி, கதவடியில பழைய சேலைய சுருட்டி வெச்சோம், முக்கா மணி நேரத்துல 30. ஆனா பங்குனி வெக்கையில சாத்தின ரூம், "காடு எரிஞ்சா என்ன எதுக்குடா ஜெயில்ல போடற"ன்னு அப்பா ஒரே சத்தம். ஃபேன் போட்டுக்கலாம், மத்தியானம் புகை கொறஞ்சதும் ஜன்னல தெறந்துடுவோம். கரண்ட் போனா இன்வெர்ட்டர்லயே ஓடுது.

விலை 11,000, ஃபில்டர் தனியா 2,200, அதுக்கு ஒரு ஸ்டார் கொறைக்கறேன். இந்த வருஷம் ஆஸ்பத்திரி போகல, பம்ப மட்டும் டாக்டர் சொன்னபடி விடாம அடிச்சாரு.

சீசன் முடிஞ்சி ஃபில்டர கழட்டினா வெள்ளையா வந்தது கரிச்சட்டி கலர்ல இருக்கு. அத பாத்துட்டு அம்மா ஒண்ணும் பேசல, மறுநாள் காலைல வெந்நீர் அடுப்பு கொல்லைக்கு போயிடுச்சி.