ஏஜெண்டா, புரோக்கரா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர சாட்ஸ்வொர்த்தில் கார் காப்பீடு எடுப்பவர்களுக்கு

வீட்டுக்கே வந்து டீ குடித்துவிட்டு பாலிசி எழுதும் ஏஜெண்ட் ஒரே கம்பெனியின் ஆள். அவர் ஆலோசனைக்கு அந்தக் கம்பெனிதான் பொறுப்பு. புரோக்கர் தனி உரிமம் வைத்திருப்பவர், நாலு கம்பெனியில் விலை கேட்டுச் சொல்வார். நிதி ஆலோசகர்கள், இடைத்தரகர்களுக்கான 2002 சட்டப்படி இருவருமே தேர்வு எழுத வேண்டும், கமிஷனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஆலோசனையைப் பதிவு செய்து வைக்க வேண்டும். கார் காப்பீட்டில் கமிஷன் உச்சவரம்பு 12.5 சதவீதம், வீட்டுக்கு 20. (வீட்டையும் சேர்க்கச் சொல்வது இதனால்தானோ என்னவோ!) காப்பீடு, முதலீடு விற்பனை முறைக்கான 2014 சீர்திருத்தத் திட்டம், 'எந்தக் கம்பெனியையும் சாராத சுயேச்சை ஆலோசகர்' என்று சொல்லிக்கொள்பவர்களுக்குக் கடிவாளம் போட முனைந்தது. 2018 முதல் மேற்பார்வை எஃப்.எஸ்.சி.ஏ. (நிதித்துறை நடத்தையைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) கையில்.

என் ஓட்டு புரோக்கருக்கு. இறுதிச்சடங்கு பாலிசி மட்டும் என்றால், சரி, ஏஜெண்டே போதும். யாரானாலும் உரிம எண்ணைக் கேட்டு எஃப்.எஸ்.சி.ஏ. இணையதளத்தில் சரிபாருங்கள்.