டோங்காட் மெயின் ரோடு பார்மசி: மாசமா இருக்கறவங்க நம்பிப் போலாம்

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம், டோங்காட்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், கரும்புக் காட்டை எரிக்கற சீசன் வந்தா கொடியில காயற துணி மேலயே கறுப்பா சாம்பல் வந்து விழும், எனக்கு அதுலயே தும்மல் ஆரம்பிச்சு மூக்கு அடைச்சு ராத்திரி தூக்கமே போயிடும், இப்ப வயித்துல புள்ள வேற.

இந்தக் கடையில பார்மசிஸ்ட் அக்கா மாத்திரைய எடுத்து நீட்டல, முதல்ல எத்தனை மாசம், பிபி எப்படி, ஆஸ்துமா உண்டா, வேற என்ன மருந்து சாப்பிடறேன்னு எல்லாம் கேட்டாங்க. நான் எடுத்து வச்சிருந்த சளி மாத்திரை அட்டைய திருப்பி பொடி எழுத்துல இருந்த சூடோஎபெட்ரின்ங்கற மூக்கடைப்பு மருந்தோட பேர விரல் வச்சுக் காட்டி, இது முதல் மூணு மாசத்துல வேணவே வேணாம், பிபி இருந்தா எப்பவுமே வேணாம்னாங்க. முதல்ல உப்புத்தண்ணி ஸ்ப்ரே, அதுல அடங்கலன்னா லோராடடின் இல்லன்னா செட்டிரிசின்ங்கற அலர்ஜி மாத்திரை, அதுவும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. அது ரெண்டும் கர்ப்பிணிங்க ரொம்ப வருஷமா எடுத்துக்கற மருந்துதானாம். ஆஸ்துமா இன்ஹேலர் இருந்தா பயந்துகிட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, மூச்சுத் திணறினா அது புள்ளைக்குத்தான் கெடுதல்னும் சொன்னாங்க.

மாசக் கடைசியில கூட்டம் தாங்காது, உக்கார ஒரு நாற்காலி கூட இல்ல, வயித்தோட நிக்கறவங்களுக்காக அதையாவது போடணும். மத்தபடி ஸ்ப்ரேலயே எனக்கு பாதி அடைப்பு விட்டுடுச்சு.